படத்துக்குப் பதிலாகப் பேசும் வரி: மாற்று உரை எழுதுவது எப்படி?

பார்வையில்லாத ஒருவர் இணையப் பக்கத்தைப் பெரும்பாலும் காதால் படிக்கிறார். கணினியிலோ கைபேசியிலோ இருக்கும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள், பக்கத்தில் உள்ள எழுத்துகளை வரிசையாகக் குரலில் சொல்லிக்கொண்டே போகும். தலைப்பு வந்தால் தலைப்பு என்று சொல்லும். சுட்டி, அதாவது அழுத்தினால் வேறொரு பக்கத்துக்குப் போகும் லிங்க், வந்தால் சுட்டி என்று சொல்லும். நடுவில் ஒரு படம் வந்தால், பக்கத்தை எழுதியவர் அதற்கென்று ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று பார்க்கும். எழுதியிருந்தால் அதை வாசிக்கும். எழுதவில்லை என்றால் வெறுமனே "படம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அல்லது கோப்பின் பெயரையே எடுத்து "டிஎஸ்சி அடிக்கோடு பூஜ்யம் நான்கு ஏழு இரண்டு புள்ளி ஜேபிஜி" என்று ஒப்பிக்கத் தொடங்கலாம். ஒரே பக்கத்தில் இருபது படங்கள் இருந்தால் இந்த ஒப்பிப்பும் இருபது முறை நடக்கும்.

இந்த இடத்தை நிரப்புவதற்காக எழுதப்படும் வரிதான் மாற்று உரை. இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் ஒரு படத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் குறிச்சொல் 'ஐஎம்ஜி'. படக்கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பண்பு ஒன்று அதற்குள் இருக்கும். அதன் அருகிலேயே 'ஆல்ட்' என்று இன்னொரு பண்பை எழுதி, சமக்குறி போட்டு, மேற்கோள்குறிகளுக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தொழில்நுட்பப் பகுதி அவ்வளவுதான். நிரல் எழுதாதவர்களுக்கு அதுவும் தேவையில்லை. வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் படத்தைச் சேர்த்ததும் பக்கவாட்டில் மாற்று உரைக்கென்று ஒரு பெட்டி தெரியும். எம்எஸ் வேர்டில் படத்தின் மீது வலது சொடுக்குப் போட்டால் அதே வசதி கிடைக்கும். எக்ஸ், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆகியவற்றிலும் படத்தை ஏற்றும்போது அதற்கான இடம் இருக்கிறது, சற்றே தேட வேண்டியிருந்தாலும். பெட்டியைக் கண்டுபிடிப்பது எளிது. அதற்குள் என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

அதற்கு முன், இந்த வரி யாருக்கெல்லாம் போய்ச் சேருகிறது என்று பார்த்துவிடலாம். உலக அளவில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வகைப் பார்வைக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இதில் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் குறைபாடுகளும் அடக்கம். இவர்கள் எல்லாரும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்கள் அல்லர். ஆனாலும் பயன்படுத்துவோர் கூட்டம் சிறியதும் அல்ல. விண்டோஸில் ஜாஸ், என்விடிஏ என்ற இரண்டு திரைவாசிப்பான்களும் பரவலாகப் பயன்படுகின்றன. என்விடிஏ இலவசம். ஐபோனில் வாய்ஸ்ஓவரும், ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் கைபேசியோடேயே வருகின்றன. பார்வையோடு கேட்கும் திறனும் இல்லாதவர்கள் பிரெய்ல் திரையை நாடுகிறார்கள். சிறு ஊசிமுனைகள் மேலெழுந்தும் தாழ்ந்தும் எழுத்துகளை விரல்நுனிக்குத் தரும் கருவி அது. படத்தை அந்த ஊசிகளால் காட்ட முடியாது, மாற்று உரையைக் காட்ட முடியும். இவர்களைத் தவிர, இணைப்பு மெதுவாக இருந்து படம் இறங்காதவர்களுக்கு உலாவி அந்த இடத்தில் மாற்று உரையைத்தான் காட்டுகிறது. தேடுபொறிகளும் படம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள அதைப் படிக்கின்றன.

வரலாற்றைப் பார்த்தால், மெதுவான இணைப்புதான் இந்தப் பண்பு பிறந்ததற்கான காரணங்களுள் ஒன்று. 1993இல் மொசைக் உலாவியை உருவாக்கியவர்களுள் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் 'ஐஎம்ஜி' குறிச்சொல்லை முன்மொழிந்த காலத்தில், படமே காட்ட முடியாத, வெறும் எழுத்து மட்டும் காட்டும் உலாவிகள் பல புழக்கத்தில் இருந்தன. படங்களைக் காட்டும் உலாவி வைத்திருந்தவர்களிலும் பலர், பக்கம் சீக்கிரம் திறக்கட்டும் என்று படங்களை அணைத்து வைத்தார்கள். 1995இல் வெளியான எச்டிஎம்எல் 2.0 தரநிலையில் ஆல்ட் பண்பு இடம்பெற்றது. 1997 இறுதியில் வந்த எச்டிஎம்எல் 4.0 அதைக் கட்டாயமாக்கியது. 1999இல் வலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான உலகளாவிய வலைச் சேர்த்தியம், அதாவது டபிள்யூ3சி, வெளியிட்ட முதல் அணுகல் வழிகாட்டு நெறிகளில் முதலாவதே இதுதான்: எழுத்தாக இல்லாத எதற்கும் எழுத்தில் ஒரு மாற்று இருக்க வேண்டும். 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த பதிப்புகளிலும் 1.1.1 என்ற எண்ணோடு, மிக அடிப்படையான 'ஏ' நிலையில், அது முதலிடத்திலேயே நிற்கிறது.

இது வெறும் பரிந்துரை அல்ல என்பதை உலகம் 2000ஆம் ஆண்டில் அறிந்துகொண்டது. சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் இணையதளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டார். அவர் பிரெய்ல் திரை வழியாக இணையத்தைப் படிப்பவர். தளத்தின் படங்களுக்கும் படச் சுட்டிகளுக்கும் மாற்று உரை இல்லை என்பது அவருடைய முக்கியமான குறைகளில் ஒன்று. பாகுபாடு நடந்திருக்கிறது என்று ஆணையம் தீர்ப்பளித்தது. உத்தரவுப்படி முழுமையாகத் திருத்தாததால் ஏற்பாட்டுக் குழு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2024 சோதனையிலும் பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் மாற்று உரை இல்லாத படங்கள் இருந்தன.

ஒரே பாலம், ஐந்து வரிகள்

"படத்தில் இருப்பதை விவரியுங்கள்" என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்லித் தரும் விதி. என் பார்வையில் குழப்பம் தொடங்குவதே இந்த விதியிலிருந்துதான். படத்தில் இருப்பவை எண்ணற்றவை. வானத்தின் நிறம், மேகம், ஓரத்தில் நிற்கும் விளக்குக் கம்பம் எல்லாமே படத்தில் இருக்கின்றன. எதைச் சொல்வது, எதை விடுவது? இந்தப் படம் இந்தப் பக்கத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டால் விடை தானாகக் கிடைக்கும். அந்த வேலையை எழுத்தில் செய்வதுதான் மாற்று உரை.

ஓர் உதாரணத்தை விரிவாகவே பார்ப்போம். ஒரு புகைப்படம்: பழைய கல்பாலம், அடியில் நான்கு வளைவுகள், ஆற்று நீர் வளைவுகளின் உச்சிவரை ஏறியிருக்கிறது, பாலத்தின் மேல் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், நேரம் அந்தி.

வெள்ளச் செய்திக்கு நடுவில் இந்தப் படம் வந்தால், படிப்பவர் அதிலிருந்து தெரிந்துகொள்வது வெள்ளத்தின் அளவை. ஆகவே: "வெள்ளம் கல்பாலத்தின் வளைவுகளின் உச்சியைத் தொட்டு ஓடுகிறது. ஒருவர் சைக்கிளைத் தள்ளியபடி பாலத்தைக் கடக்கிறார்." பாலம் இன்னும் மூழ்கவில்லை, மக்கள் இன்னும் கடக்கிறார்கள் என்ற இரண்டு செய்திகளும் அதில் வந்துவிட்டன.

கட்டுமானம் பற்றிய பாடத்தில் அதே படம் வந்தால் சைக்கிள்காரருக்கு அங்கே வேலை இல்லை. "நான்கு அரைவட்ட வளைவுகள் தாங்கும் கல்பாலம். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் உள்ள கல் மற்றவற்றைவிடப் பெரியது" என்பது பொருந்தும். வெள்ளத்தைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, பாடம் நீரின் அழுத்தத்தைப் பற்றியதாக இல்லாதவரை.

புகைப்படக் கலையைக் கற்பிக்கும் பக்கத்தில் நிலைமை வேறு. "சட்டத்தின் கீழ்ப்பாதியைப் பாலம் குறுக்காக வெட்டுகிறது. அந்திவெளிச்சத்தின் எதிரே சைக்கிள்காரர் கறுத்த நிழலுருவாகத் தெரிகிறார்" என்று எழுதினால்தான் பாடம் நகரும்.

இன்னொரு பக்கத்தில் இதே படம் ஒரு சுட்டி. அழுத்தினால் பாலத்தின் வரலாற்றைச் சொல்லும் பக்கத்துக்குப் போகும். அங்கே மாற்று உரை "பாலத்தின் வரலாறு" மட்டுமே. வளைவும் வெள்ளமும் அங்கே யாருக்கும் உதவாது. அழுத்தினால் எங்கே போவோம் என்பதுதான் கேட்பவருக்குத் தேவை.

ஐந்தாவதாக, வங்கிக் கணக்கு தொடங்கும் படிவத்தின் மேல் அழகுக்காக இதே பாலத்தை நீளமாகப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே எழுத வேண்டியது ஒன்றுமே இல்லை. ஆல்ட் பண்பை வைத்து, மேற்கோள்குறிகளுக்குள் எதையும் எழுதாமல் விட்டுவிட வேண்டும்.

வெற்று ஆல்ட்டும் இல்லாத ஆல்ட்டும் ஒன்றல்ல என்பது இங்கே முக்கியம். பண்பு இருந்து, உள்ளே வெறுமையாக இருந்தால், "இது அலங்காரம், தாண்டிப் போ" என்று பொருள். திரைவாசிப்பான் ஒரு சத்தமும் இல்லாமல் தாண்டிவிடும். பண்பே இல்லை என்றால், அது முக்கியமான படமா வெறும் அழகுப்படமா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அப்போதுதான் கோப்புப் பெயரை வாசிக்கும் கூத்தெல்லாம் நடக்கும். நிரல் எழுதுபவர்கள் அலங்காரப் படங்களை, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மூலம் பின்னணியாக வைத்துவிடுவதும் உண்டு. அவற்றுக்கு மாற்று உரை எழுத இடமே கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் பொருளுள்ள படத்தை அப்படிப் பின்னணியில் ஒளித்து வைப்பது தவறு.

எது அலங்காரம் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை. கட்டுரையின் தலைமாட்டில் போடப்படும் மனநிலைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: மழை வழியும் சன்னல், காலியான நாற்காலி. தகவல் எதுவும் இல்லை என்று வெற்று ஆல்ட் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படம் பார்ப்பவரிடம் ஓர் உணர்வை உண்டாக்குகிறதே, அது கேட்பவருக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆசிரியர் பத்துப் படங்களைப் பார்த்து இதைத்தான் வைக்க வேண்டும் என்று தேர்ந்திருந்தால் அது அலங்காரம் அல்ல. "மழை வழியும் சன்னலுக்கு முன்னால் காலி நாற்காலி" என்று ஐந்தாறு சொற்கள் எழுதுவதில் யாருக்கும் நட்டம் இல்லை. கோடுகள், பூவேலைகள், பட்டியலின் முன்னால் வரும் புள்ளிச் சின்னங்கள் ஆகியவற்றுக்கு வெறுமையே சரி.

அழுத்தும் படங்கள்

வழி காட்டும் படங்களும் பொத்தானாக இருக்கும் படங்களும் தவறாகப் போனால், பக்கம் அழகு குறைவதோடு நிற்காது. பயன்படுத்தவே முடியாமல் போகும். இந்தக் குழுவில் தோற்றத்தை விவரிப்பது பெரும்பாலும் பிழை. தேடல் பெட்டியின் அருகில் இருக்கும் சின்னத்துக்கு "பூதக்கண்ணாடி" என்று எழுதாதீர்கள். "தேடு" என்று எழுதுங்கள். மூன்று கோடுகளுக்கு "பட்டியலைத் திற". குப்பைத்தொட்டிக்கு "நீக்கு". ஒரு பக்கத்தில் பல குப்பைத்தொட்டிகள் இருந்தால் எதை நீக்கும் என்பதையும் சேர்த்து "இரண்டாவது முகவரியை நீக்கு" என்று சொல்ல வேண்டும். நிறுவனத்தின் சின்னம் பெரும்பாலான தளங்களில் முகப்புக்குப் போகும் சுட்டியாகவும் இருக்கிறது. அதற்கு நிறுவனத்தின் பெயரும் "முகப்பு" என்ற சொல்லும் போதும். சிவப்பு வட்டத்துக்குள் பறக்கும் பறவையைப் பற்றி எழுத ஆசை வரலாம். சின்னம் எப்படி உருவானது என்று விளக்கும் பக்கத்துக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

சின்னமும் அதன் அருகில் எழுத்தும் ஒரே சுட்டிக்குள் இருப்பது வழக்கம்: ஒரு தொலைபேசிச் சின்னம், பக்கத்தில் "தொலைபேசி" என்ற சொல். சின்னத்துக்கும் "தொலைபேசி" என்று மாற்று உரை கொடுத்தால் கேட்பவர் காதில் "தொலைபேசி தொலைபேசி" என்று விழும். எழுத்து ஏற்கெனவே வேலையைச் செய்கிறது, ஆகவே சின்னத்துக்கு வெற்று ஆல்ட்.

மாறாக, சுட்டிக்குள் படம் மட்டும் இருந்து அதற்கு மாற்று உரை இல்லை என்றால், சுட்டி போகும் முகவரியைத் திரைவாசிப்பான் சாய்கோடுகளோடும் எண்களோடும் வாசிக்கக்கூடும். இங்கே வெற்று ஆல்ட் கொடுத்துவிட்டாலும் அதே கதிதான். அழுத்தக்கூடிய படம் தனியாக நிற்கும்போது ஒருபோதும் அலங்காரம் ஆகாது.

படத்துக்குள் சிக்கிய எழுத்து

அறிவிப்புகளை, சுற்றறிக்கைகளை, அழைப்பிதழ்களைப் படமாக ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் ஏராளம். படத்துக்குள் இருக்கும் எழுத்து திரைவாசிப்பானுக்கு எழுத்தே அல்ல. அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும், நாள், நேரம், இடம் உட்பட, மாற்று உரையில் வர வேண்டும். "முக்கிய அறிவிப்பு" என்று மட்டும் எழுதி வைப்பது எரிச்சலூட்டும் செயல். முக்கியமான ஏதோ ஒன்று இருக்கிறது, ஆனால் உனக்குச் சொல்ல மாட்டேன் என்பதுதான் அதன் பொருள்.

உண்மையில் இதற்குச் சிறந்த தீர்வு மாற்று உரையே அல்ல, எழுத்தை எழுத்தாகவே பக்கத்தில் போடுவதுதான். படமாக்கப்பட்ட எழுத்தைப் பெரிதாக்கினால் மங்கும், எழுத்தின் நிறத்தையும் பின்னணியையும் தமக்கேற்ப மாற்றிப் படிக்கும் குறைபார்வை உள்ளவர்களால் மாற்ற முடியாது, நகலெடுக்க முடியாது, பக்கத்துக்குள் தேடினாலும் சிக்காது. வழிகாட்டு நெறிகளும் தவிர்க்க முடியாத இடங்களைத் தவிர எழுத்தைப் படமாக்க வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. கட்டாயம் படமாகத்தான் வேண்டும் என்றால், கீழேயே அதே வாசகத்தை எழுத்திலும் கொடுத்துவிட்டு, படத்துக்கு "அறிவிப்பு, முழு வாசகம் கீழே" என்று குறிப்புக் கொடுக்கலாம். கியூஆர் குறியீட்டுக்கும் இதே வழி. அது எதற்கு இட்டுச்செல்கிறது என்று மாற்று உரையில் சொல்லி, அருகில் ஒரு சாதாரணச் சுட்டியையும் வைத்துவிடுங்கள்.

வரைபடங்களும் எண்களும்

பன்னிரண்டு மாத மின்நுகர்வைக் காட்டும் கோட்டு வரைபடம் ஒன்று. "வரைபடம்" என்று மட்டும் எழுதினால் போதாது. பன்னிரண்டு எண்களையும் ஆல்ட்டுக்குள் கொட்டினாலும் பயனில்லை, ஏனென்றால் ஆல்ட் ஒரே மூச்சில் வாசிக்கப்படும் தட்டையான வரி. அதற்குள் பத்தி பிரிக்க முடியாது, அட்டவணை போட முடியாது, சுட்டி வைக்க முடியாது. கேட்பவர் ஏழாவது எண்ணை மட்டும் திரும்பக் கேட்க நினைத்தால் மொத்தத்தையும் மறுபடி கேட்க நேரலாம்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வரைபடம் என்ன சொல்ல வருகிறது என்பது ஆல்ட்டில்: "மாதவாரி மின்நுகர்வைக் காட்டும் கோட்டு வரைபடம். ஜூன் மாதத்தில் உச்சம், டிசம்பரில் அதில் பாதி. எண்கள் கீழே அட்டவணையில்." எண்கள் எல்லாருக்கும் தெரியும்படி பக்கத்திலேயே ஓர் அட்டவணையில். இந்த அட்டவணை பார்வையுள்ளவர்களுக்கும் பயன்படும். கோடு எந்த இடத்தில் எந்த எண்ணைத் தொடுகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் அவதி அவர்களுக்கும் இல்லாமல் போகும். நீண்ட விளக்கத்துக்கென்று 'லாங்டெஸ்க்' என்ற பண்பு எச்டிஎம்எல் 4இல் இருந்தது. எச்டிஎம்எல் 5 அதைக் கைவிட்டுவிட்டது, பழைய பாடநூல்களில் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இப்படி ஒரு வரியில் வரைபடத்தின் கருத்தை எழுத முயலும்போது, சில சமயம் அந்த வரைபடத்துக்குக் கருத்தே இல்லை என்று தெரியவரும். அப்போது மாற்று உரையை விட்டுவிட்டு வரைபடத்தைத்தான் திருத்த வேண்டும்.

மனிதர்கள் இருக்கும் படங்கள்

அமைப்பு ஒன்றின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் வரும் முகப்படத்துக்கு அவர் பெயர் போதுமா, தோற்றத்தையும் சொல்ல வேண்டுமா? பெயர் படத்தின் கீழேயே அச்சாகியிருந்தால் மாற்று உரையில் அதையே திருப்பிச் சொல்வது வீண். தோற்றத்தைப் பற்றிச் சிறிதளவு சொல்லலாம்: "சிரித்தபடி, கழுத்தில் ஒளிப்படக்கருவியுடன்." தோல் நிறம், வயது, பாலினம், உடற்குறை ஆகியவற்றைப் படத்தைப் பார்த்து ஊகித்து எழுதுவதில் கவனம் வேண்டும். அவை அந்தப் பக்கத்தின் பொருளோடு தொடர்புடையவை என்றால் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் பஸ் ஏறுவதைப் பற்றிய கட்டுரையில் சக்கர நாற்காலியை மறைப்பது கேலிக்கூத்து. தொடர்பில்லாத இடத்தில் ஒருவருக்கு மட்டும் நிறத்தைச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாமல் விட்டால், சொல்லப்படாதவர்தான் இயல்பானவர் என்று எழுதியவர் நினைப்பது வெளியே தெரிந்துவிடும்.

படக்குறிப்பும் மாற்று உரையும் வெவ்வேறு. படத்தின் கீழே தெரியும் குறிப்பு எல்லாருக்குமானது. யார், எங்கே, எப்போது, யார் எடுத்த படம் என்பனவற்றைச் சொல்லும். மாற்று உரை, பார்ப்பவர் கண்ணால் பெறுவதைச் சொல்லும். இரண்டிலும் ஒரே வாக்கியத்தை ஒட்டி வைப்பவர்கள் கேட்பவரை இருமுறை கேட்க வைக்கிறார்கள். சுட்டெலியைப் படத்தின் மேல் வைத்தால் மிதந்து வரும் சிறு குறிப்பு மூன்றாவது ஒன்று. அது 'டைட்டில்' பண்பிலிருந்து வருவது. தொடுதிரையில் பெரும்பாலும் தெரியாது, திரைவாசிப்பான்கள் எல்லாச் சமயத்திலும் வாசிப்பதும் இல்லை. அதை நம்பி ஆல்ட்டை விடக் கூடாது.

நீளம், நடை, மொழி

125 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி பல இடங்களில் சொல்லப்படுகிறது. வழிகாட்டு நெறிகளில் அப்படி எந்த எண்ணும் இல்லை. ஒன்று அல்லது இரண்டு வாக்கியங்களில் பெரும்பாலான படங்கள் அடங்கிவிடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் அந்தத் தகவல் பக்கத்தின் உடலுக்குள் வர வேண்டியது என்று கருதலாம்.

"இந்தப் படத்தில்", "புகைப்படம்:" என்று தொடங்காதீர்கள். இது ஒரு படம் என்று திரைவாசிப்பானே முதலில் சொல்லிவிடும். ஓவியமா, கேலிச்சித்திரமா, திரைப்பிடிப்பா என்பது பொருளுக்கு முக்கியம் என்றால் மட்டும் சொல்லலாம். முக்கியமானதை முதலில் வையுங்கள். பழகிய பயனர்கள் குரலை மிக வேகமாக ஓடவிட்டுக் கேட்பவர்கள், தேவையானது கிடைத்ததும் பாதியில் நிறுத்தி அடுத்ததற்குப் போய்விடுவார்கள். வாக்கியத்தை முற்றுப்புள்ளியோடு முடித்தால் குரல் அங்கே சற்று நின்று மூச்சு விடும். இல்லையென்றால் அடுத்த பத்தியோடு ஒட்டிக்கொண்டு ஓடும்.

தேடுபொறியில் முன்னால் வருவதற்காக ஆல்ட்டில் தேடுசொற்களை அடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. "காலணி மலிவு காலணி சிறந்த காலணி ஆண்கள் காலணி" என்று கேட்பவர் காதில் விழுந்தால் அவர் அந்தக் கடையை விட்டே ஓடுவார். கூகுளும் இதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பொருள்களை விற்கும் பக்கத்தில் உண்மையில் தேவைப்படுவது வேறு: ஒரே காலணிக்கு ஆறு படங்கள் இருந்தால் ஆறுக்கும் அதே பெயரைப் போடாமல், ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது என்று சொல்ல வேண்டும். அடிப்பாகத்தின் வரிப்பள்ளங்கள், குதிகாலின் உயரம், உட்புற மெத்தை என்று.

தமிழ்ப் பக்கத்துக்கு மாற்று உரையும் தமிழில் இருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் வாங்கிய வார்ப்புருவோடும் (தளத்தின் ஆயத்த வடிவமைப்பு) படக்களஞ்சியத்தோடும் வந்த ஆங்கில வரிகள் அப்படியே கிடக்கும் தமிழ்த் தளங்கள் உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை எச்டிஎம்எல்லின் 'லாங்' பண்பிலும் சரியாகக் குறித்தால்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல்தொகுப்பில் தமிழும் இருக்கிறது. பக்கம் ஆங்கிலம் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய மாற்று உரை ஆங்கிலக் குரலில் சிதையலாம், சில குரல்களில் ஒலிக்காமலே போகலாம்.

சரிபார்ப்பதும் தானியங்கி வரிகளும்

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. பக்கத்தைத் தொலைபேசியில் ஒருவருக்குப் படித்துக் காட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். படம் வரும் இடத்தில் என்ன சொல்வீர்கள்? சிலவற்றுக்கு ஒரு வாக்கியம் சொல்வீர்கள், சிலவற்றைச் சொல்லாமலே தாண்டிவிடுவீர்கள். பெரும்பாலும் அதுதான் சரியான மாற்று உரை. உலாவியில் படங்களை அணைத்துவிட்டுப் பக்கத்தைப் படித்துப் பார்ப்பது இன்னொரு வழி. என்விடிஏவை நிறுவி, ஜி விசையை அழுத்திப் படம் படமாகத் தாவிக் கேட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

வேவ், லைட்ஹவுஸ் போன்ற சோதனைக் கருவிகள் ஆல்ட் இல்லாத படங்களை நொடியில் காட்டிக்கொடுக்கும். இருக்கும் ஆல்ட் நல்லதா என்பதை அவற்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாப் படத்துக்கும் "படம்" என்று எழுதி நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம். மதிப்பெண்ணைக் காட்டிப் பெருமைப்படும் தளங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தானாக எழுதித் தரும் வசதி புதிதல்ல. ஃபேஸ்புக் 2016 ஏப்ரலிலேயே அதைத் தொடங்கியது. "மூன்று பேர், புன்னகை, வெளிப்புறம் இருக்கலாம்" என்ற பாணியில் வரும் அந்த வரிகளை ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று ஏற்றுக்கொள்ளலாம். இப்போதைய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் முழு வாக்கியங்களில், அழகாகவே எழுதுகின்றன. கல்பாலத்தைக் கொடுத்தால் வளைவு, ஆறு, அந்திவானம், சைக்கிள் என்று எல்லாவற்றையும் சொல்லும். ஆனால் படத்தை மட்டும் கொடுத்தால், அது வெள்ளச் செய்தியில் இருக்கிறதா வங்கிப் படிவத்தின் மேல் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இல்லாததை இருப்பதாக உறுதியான குரலில் சொல்லிவிடும் குணமும் அதற்கு உண்டு. படத்தைப் பார்க்க முடியாதவரால் அதைப் பிடிக்கவும் முடியாது. முதல் வரைவுக்குப் பயன்படுத்துங்கள், பாதியை வெட்டுங்கள், மீதியைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊடகக் களஞ்சியத்தில் ஒரு படத்துக்கு எழுதும் மாற்று உரை, படத்தைப் பதிவில் செருகும்போது நகலாகி வருகிறது. பிறகு களஞ்சியத்தில் மாற்றினாலும் முன்பே செருகிய இடங்களில் பழையதே நிற்கும். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஒவ்வொரு இடத்திலும் படத்தின் வேலை வேறு என்பதால், அந்தந்தப் பதிவில் தனித்தனியே எழுதுவதுதான் எப்படியும் சரியான முறை.

ஏற்கெனவே ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்திருக்கும் பழைய தளத்தைச் சீர்செய்ய உட்காருபவர்கள் முதல் படத்திலிருந்து வரிசையாகத் தொடங்கிக் களைத்துப் போகிறார்கள். எல்லாப் பக்கங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சின்னங்கள், பட்டியல் பொத்தான்கள், படச் சுட்டிகள் ஆகியவற்றில் தொடங்குங்கள். வார்ப்புருவில் ஓர் இடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கமும் திருந்தும். அடுத்து, படிவங்களும் கட்டணம் செலுத்தும் பக்கங்களும். பிறகு படமாகப் போட்ட அறிவிப்புகளில் இன்னும் காலாவதியாகாதவை. அதன்பின் அதிகம் படிக்கப்படும் பக்கங்களின் வரைபடங்கள், புகைப்படங்கள். யாரும் திறக்காத பழைய பக்கங்கள் கடைசியில் வரட்டும். அதற்கிடையில், இன்று முதல் ஏற்றும் புதிய படம் எதுவும் மாற்று உரை இல்லாமல் வெளியாகாதபடி உங்கள் பதிப்பிக்கும் கருவியில் அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்க முடியுமா என்று பாருங்கள். கட்டாயமாக்கும்போது "அலங்காரப் படம்" என்று குறிக்கும் வசதியையும் கூடவே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பெட்டியை நிரப்புவதற்காகவே "பூ", "கோடு", "அழகு" என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள்.